சாமி அறையை வாடகைக்கு விட்டவர்

பாலன் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஆலை கேண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தேன். நம்முடைய 'பாலன் அண்ணன் பிள்ளைகள்' குழுவில் யாரோ கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே இன்னொரு கை. பிறகு வரிசையாகக் கைகள். யார் இறந்தது என்று தெரிந்துகொள்ளவே வெகுதூரம் மேலே தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு என் ரொட்டி சானாயைச் சாப்பிட்டு முடித்தேன். தேநீரையும் குடித்தேன். உங்களில் பலர் அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இறங்கியது.

மாலைக்குள் அவர் தெய்வமாகியிருந்தார். 'தந்தைக்கு நிகரானவர்' என்றது ஒரு செய்தி. 'ஏழை மாணவர்களுக்கு நிழல் தந்த ஆலமரம்' என்றது இன்னொன்று. நினைவு மலர் போடலாம் என்று முடிவானது. மலருக்கு முதல் கட்டுரை நான்தான் எழுத வேண்டும் என்று மாலினி எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினாள். "கலை, நீதான்டி பத்திரிகையில எல்லாம் எழுதுறவ. அண்ணனோட ரொம்பப் பழகுனவ வேற. கொஞ்சம் உருக்கமா எழுதிக் குடு லா." எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உருக்கம் வருமா என்று தெரியவில்லை. மலரில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அவரை அறியாதவர் யாராவது மலரைப் புரட்டக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். பாலன் அண்ணனுக்குச் சொந்தமாக வீடு எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், சுங்கை டுவா வட்டாரத்தில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளை, குடும்பத்தோடு குடியிருக்கப் போவதாக உரிமையாளர்களிடம் சொல்லி வாடகைக்கு எடுப்பார். பிறகு அறை அறையாகப் பிரித்து, ஹாஸ்டல் கிடைக்காத மாணவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவார். உரிமையாளருக்குத் தெரியாது. தெரிந்தால் எல்லாரும் வெளியே போக வேண்டியதுதான். இதுதான் அவருடைய தொழில். இதைத்தான் நீங்கள் நிழல் என்கிறீர்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. இரண்டாம் ஆண்டில் எனக்கு ஹாஸ்டல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் வந்துபோக முடியாது. ஆலையில் இரவு வேலை முடித்துக் கண்ணெல்லாம் சிவந்திருந்த அப்பா என்னோடு வந்திருந்தார். பாலன் அண்ணன் வீட்டைக் காட்டவில்லை, கைப்பேசியில் படம் காட்டினார். அப்பாவை 'அண்ணே' என்றார், என்னைத் 'தங்கச்சி' என்றார், எங்கள் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். அப்பா தயங்கித் தயங்கி, ஒப்பந்தம் மாதிரி ஏதாவது எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். பாலன் அண்ணன் மனம் புண்பட்டவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொந்தத்துக்குள்ள எதுக்குண்ணே கடுதாசி? என் தங்கச்சிய நான் நடுத்தெருவுல விட்டுருவேனா?" அப்பா வெட்கப்பட்டுப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தம் கேட்டதற்காக மன்னிப்பு! அந்த மனிதர் அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

எனக்குக் கிடைத்தது சாமி அறை. நான் எதையும் மிகைப்படுத்தவில்லை. அந்த வீட்டின் உரிமையாளர் பத்மாவதி அம்மா, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, செபராங் ஜெயாவில் மகனோடு இருக்கிறார். வீட்டை அவரும் காலமான கணவரும் ஆசையாக வாங்கி, சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையைச் சாமி அறையாக்கியிருந்தார்கள். சுவரில் பதித்த பளிங்கு மாடம், அதில் முருகன், அம்மன், பிள்ளையார். சாயங்காலம் விளக்கேற்றும் குடும்பத்துக்குத்தான் வீட்டைக் கொடுப்பேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாராம். பாலன் அண்ணன் ஏற்றுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, மாடத்துக்குக் கீழே ஒரு மெத்தையைப் போட்டு அறையை எனக்கு விட்டார். விளக்குத் தீ மெத்தையில் பிடித்துக்கொள்ளும் என்பதால் சிவப்பு பல்பு ஒன்றை மாட்டினார். சன்னல் இல்லை என்று வாடகையில் கொஞ்சம் குறைத்தார். சாமியே கூட இருப்பதால் பாதுகாப்பு அதிகம் என்று மூன்றாம் மாதம் ஏற்றினார்.

முதல் மாதமே எனக்கு ஒரு சங்கடம் வந்தது. வீட்டுக்கு விலக்கான நாட்களில் அம்மனுக்கு நேர் கீழே எப்படிப் படுப்பது? எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சாமி மாடத்தின் பக்கமே போகமாட்டோம். கூச்சத்தை விட்டு அவரிடமே கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒரு துண்டு எடுத்து மேல போட்டுடு தங்கச்சி. அட்ஜஸ்ட் பண்ணு. சாமியும் நம்ம ஹவுஸ்மேட்தானே?" சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். அந்தப் படிப்புக் காலம் முழுவதும் மாதாமாதம் நான் முருகனுக்கும் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் என் குளியல் துண்டைப் போர்த்தினேன். எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறை போர்த்தும்போதும் அந்த ஆளை மனதாரத் திட்டினேன்.

பத்மாவதி அம்மா வரும் நாட்களை நீங்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அவர் எப்போதும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுத்தான் வருவார். உடனே பாலன் அண்ணன் தம் காடியை ஓட்டிவந்து நிறுத்தி, அதன் பின்பக்கத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே வருவார். அதற்குள் ஒரு குடும்பமே இருக்கும். கொடியில் போட இரண்டு கைலி, குளியலறையில் வைக்க சவரக் கத்தி, வாசலில் விட ஆண் செருப்பு, கூடத்தில் மாட்ட ஒரு கல்யாணப் படம். படத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். உண்மையில் அது அவருடைய சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. மாப்பிள்ளை இருந்த பக்கத்தைச் சட்டத்துக்குள் மடித்துவிட்டிருந்தார். மனைவி ஜொகூரில் நர்ஸ், லீவு கிடைப்பதில்லை என்பது கதை. மூன்று பெரிய அறைகளில் இருந்த மூன்று பெண்களும் அன்றைக்கு மட்டும் அவருடைய அக்கா தங்கை பிள்ளைகள். 'மாமா, மாமா' என்று அவர்கள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் வருடாவருடம் மாறுவது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருமுறை கேட்டே விட்டாராம், உனக்கு எத்தனை அக்கா தங்கச்சிப்பா என்று. அதற்கு இவர் கண்கலங்கிச் சொன்ன பதிலை நீங்கள் இன்றும் குழுவில் போட்டுப் போட்டுச் சிரிக்கிறீர்கள். "எங்கம்மா பெத்ததெல்லாம் பொண்ணுங்கம்மா. எல்லாத்தையும் கரையேத்துற பொறுப்பு என் தலையில." இதைச் சாமர்த்தியம் என்கிறீர்கள். அதை நம்பி அந்த அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரிடம் பெரிய டின் முறுக்கு கொடுத்து அனுப்பியதை யாரும் சொல்வதில்லை. அந்த முறுக்கு நமக்கு வந்து சேர்ந்ததும் இல்லை.

மூன்று பெண்கள் மாமா வேடத்துக்குத் துணை நின்றார்கள். நானும் மாலினியும் கணக்கில் வராதவர்கள். நான் சாமி அறை. அவள் கூடத்தில் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருந்தவள். பத்மாவதி அம்மா வரும் நாளில் என் மெத்தை மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போகும், மாலினியின் பிளைவுட் பிரித்து எடுக்கப்படும், நாங்கள் இருவரும் கீழே மாமாக் கடையில் போய் உட்கார வேண்டும். அதனால்தான் அந்த அம்மாவின் முகத்தை அந்தக் காலத்தில் நான் பார்த்ததே இல்லை. கீழே உட்கார்ந்துகொண்டு, இந்த முறை மேலே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சொன்னால் ஐந்து பேரும் தெருவில் நிற்போம். அந்தப் பயத்தில்தான் அவருடைய வியாபாரமே ஓடியது.

ஒருமுறை அப்படி இறங்க வேண்டிய நாளில் மாலினிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணைத் திறக்க முடியாமல், எலும்பெல்லாம் நோகிறது என்று அழுதுகொண்டிருந்தாள். நான் பாலன் அண்ணனுக்குப் போன் செய்து, இன்றைக்கு மட்டும் அந்த அம்மாவை வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பெட்டியோடு வந்து, மாலினியைக் குனிந்து பார்த்து, "அடடா, தங்கச்சி" என்று உண்மையான இரக்கத்தோடு சொன்னார். சொல்லிக்கொண்டே பிளைவுட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். "கொஞ்ச நேரம்தான் லா. கீழ காத்தோட்டமா இருக்கும், உடம்புக்கும் நல்லது." மாலினி போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமாக் கடை மேசையில் தலைவைத்துக் கிடந்தாள். அந்த அம்மா அன்றைக்குச் சமையலும் கொண்டுவந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அவர் கிளம்பிய பிறகு மாலினியை மேலே ஏற்ற முடியவில்லை. கடைக்காரர்தான் தம் காடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டெங்கி. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் பாலன் அண்ணன் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பார்வை நேரம் முடிந்திருந்தது. கூடப் பிறந்த அண்ணன் என்று நர்ஸிடம் சொல்லி உள்ளே நுழைந்தார். அந்தப் பழக்கூடையைப் பற்றி, அவர் இறந்த அன்று மாலினி குழுவில் எழுதியிருந்தாள். 'என் சொந்த அண்ணன்கூட அன்று வரவில்லை. பாலன் அண்ணன் ஓடோடி வந்தார். ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.' மாலினி, உன்னைக் கீழே இறக்கிவிட்டது யார் என்பதை மட்டும் எப்படியடி மறந்தாய்? உனக்கு முன்னால் நின்று கேட்கத்தான் ஆசை. நினைவு மலரில் கேட்க வேண்டியதாகிவிட்டது.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லேன் என்று ஒருவர் கேட்டார். பெண்கள் மட்டும் இருந்த வீட்டில் அவர் ஒரு நாளும் முறைகேடாக நடக்கவில்லை, கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததில்லை, அதையாவது எழுது என்றார். வீடு புகுந்த திருடன் சமையலறையை அசிங்கம் பண்ணாமல் போனதற்கு மாலை போடுவது போல இருக்கிறது இது. சரி, எழுதிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் அவரே வந்து சரிசெய்வார், நன்றாகவே செய்வார்.

சாவு வீட்டுக்குப் போனேன். அவர் உண்மையிலேயே போய்விட்டாரா என்று பார்த்துவரத்தான். அவர் தங்கியிருந்தது ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய பிளாட்டில், ஓர் அறையில். அந்த அறையும் அவர் வேறொருவரிடம் உள்வாடகைக்கு எடுத்தது. வீட்டில் உடலை வைக்கக் கூடாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டதால், சவப்பெட்டிக் கடையின் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கெடாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒருவர் கொள்ளி வைத்தார். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, அக்கா தங்கையும் இல்லை. அங்கே நின்றபோது எனக்குப் பரிதாபம் வரப் பார்த்தது. வரவிடவில்லை. தனியாள் என்பதற்காக ஒருவர் நல்லவராகிவிட மாட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

நாம் இருந்த அதே வீட்டில் இப்போதும் நான்கு பெண்கள் இருக்கிறார்கள், கூடத்துத் தடுப்பு மட்டும் இப்போது இல்லை. அவர்களில் யாழினி என்பவள் என் ஆலைத் தோழியின் மகள். அந்த வீடு வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வேறு இடம் கிடைக்கவில்லை, போய்ச் சேர்ந்தாள். தகனம் முடிந்த இரண்டு நாளில் அவளிடமிருந்து போன். குளியலறைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, ஓனரம்மா வந்துருக்காங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. கையில மாலை, பால் பேக்கெட்டு எல்லாம் இருக்கு. நாங்க எல்லாரும் அழுதுகிட்டு இருக்கோம்."

"நீங்க எதுக்குடி அழுறீங்க?"

"அவங்க அழுறாங்க அக்கா. நாங்க சும்மா எப்படி நிக்கிறது?"

விஷயம் இதுதான். செபராங் ஜெயா கோயிலில் யாரோ பாலன் இறந்துவிட்டதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க எங்கே போவது? அவன் குடியிருந்த வீட்டுக்குத்தான். மகனிடம் சொல்லி நேராக அங்கே வந்து இறங்கிவிட்டார். மாமனைப் பறிகொடுத்த மருமகள்களைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார்.

"சாமி ரூம்ல யார் இருக்கா?"

"ஆள் இல்ல, மெத்தை, துணியெல்லாம் கெடக்கு. கதவை இழுத்துச் சாத்திட்டோம். சாவு வீடு, தீட்டு, பதினாறு முடியுற வரைக்கும் சாமி ரூம தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நல்லா வளர்த்திருக்காங்கன்னு என்னைத் தடவிக் குடுத்தாங்க அக்கா." அதைச் சொல்லும்போது அவள் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். "அடுத்த வாரம் எங்களுக்குப் பைனல் அக்கா. இப்ப வெளிய போகச் சொன்னா நாங்க எங்க போறது? ஜொகூர் அத்தைய அவங்க வீட்டாளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டோம். அப்ப வேற பெரியவங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுன்னு கேக்குறாங்க. நீங்க வாங்களேன்."

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாயான் லெப்பாஸ் ஆலையிலிருந்து போனேன். போகும் வழியெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். மாமாக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. 'அம்மா, அந்த ஆள் உங்களை இத்தனை வருஷமா ஏமாத்திட்டார்.' அதைச் சொல்லும் நாள் வந்துவிட்டது. செத்த பிறகாவது மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

கூடத்தில் ஒரு முக்காலி மேல் அந்தக் கல்யாணப் படம். கடைசியாக வந்தபோது அவர் இங்கேயே விட்டுப்போன பெட்டியிலிருந்து பெண்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த மணப்பெண்ணை ஒரு செம்பருத்தியால் மறைத்திருந்தார்கள். அதன் முன்னால் விளக்கு எரிந்தது. பத்மாவதி அம்மா வெள்ளைப் புடவையில், தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் நினைத்துவைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அவரைச் சுற்றி நான்கு பெண்கள் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். யாழினி என்னையே பார்த்தாள்.

"நீ யாரும்மா?" என்றார்.

வாக்கியம் தொண்டைவரை வந்தது. பாடப்புத்தகங்களை அவசர அவசரமாக நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தார்கள், ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அவரோட தங்கச்சிம்மா" என்றேன்.

"எந்தத் தங்கச்சி?"

"கடைசி."

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எங்கள் வழக்கத்தில் நானும் அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும். எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கம்பம் மாதிரி நின்றேன். அவர் என் முதுகைத் தடவித் தடவிச் சொன்னார். "அழுதுடும்மா. உள்ள வச்சிக்காத. ரொம்ப நல்ல பையம்மா உங்கண்ணன். ஒவ்வொரு தடவையும் நான் வந்தா கால்ல விழுவான். உங்க எல்லாரையும் கரையேத்திட்டு அவன் போயிட்டான்."

அந்த ஆளை அதற்கு முன்னாலும் வெறுத்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் வெறுத்ததுபோல் எப்போதும் வெறுத்ததில்லை.

அதோடு விட்டாரா? பதினாறாம் நாள் படையல் வாழ்ந்த வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றார். பாலன் அண்ணன் ஒரு நாள்கூட அந்த வீட்டில் படுத்ததில்லை என்று நான் எப்படிச் சொல்வது? தங்கச்சி இருக்கும்போது தங்கச்சிதான் படைக்க வேண்டும் என்றார். தலையாட்டினேன். குழுவில் உங்கள் எல்லாருக்கும் செய்தி போட்டேன், நினைவிருக்கிறதா? ஆலமரத்தின் நிழலில் இருந்தவர்களே, தந்தையை இழந்தவர்களே, வாருங்கள், ஓர் இலையில் சோறு வைத்துவிட்டுப் போகலாம் என்று எழுதினேன். கைகள் வந்தன. விளக்குப் படம் வந்தது. ஒருவர் ஜூம் லிங்க் கேட்டார். மாலினிக்குப் பிள்ளையின் டியூஷன். ஒருவரும் வரவில்லை.

பத்மாவதி அம்மா வந்தார். விடிந்ததும் சட்டிபானையோடு வந்து அவரே சமைத்தார். பாலன் சுத்த சைவம் என்று அவருக்கு நம்பிக்கை. மாமாக் கடையில் கோழி எலும்பைக் கடித்துத் துப்பியவர், கடைசியாகப் பூமியில் செய்த காரியமே மீன் விலை கேட்டது, அந்த மனிதருக்கு நான் அவியலும் பருப்பும் பாயசமும் படைத்தேன். பால்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றுக்குக் காகம் வரவில்லை. மைனா ஒன்று வந்து கொத்தியது. "மைனாவும் பரவாயில்ல, அவன் ஏத்துக்குவான்" என்று சொல்லி அந்த அம்மா கைகூப்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. செத்தவருக்காக இல்லை. ஏமாறுவதற்கு இவ்வளவு பாடுபட்டுச் சமைத்த அந்த அம்மாவுக்காக. பெண்கள் ஆளுக்கொரு வாய் சாப்பிட்டுவிட்டு, அன்று மத்தியானப் பரீட்சைக்கு ஓடினார்கள்.

பரீட்சை எல்லாம் முடிந்த மறுநாள் செபராங் ஜெயாவுக்குப் போனேன். பத்மாவதி அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாம்மா, பசியாறுறியா?" என்று உள்ளே அழைத்து உட்கார வைத்தார். நான் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைப் பெட்டியை, ஜொகூர் நர்ஸை, மடித்துவிட்ட மாப்பிள்ளையை, பிளைவுட்டை. அவர் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"சாமி ரூம்ல?"

"நான்தான் இருந்தேம்மா. படிக்கிறப்ப. இப்ப வேற ஒரு பொண்ணு."

"தீட்டுன்னு சாத்துனீங்களே?"

"உள்ள மெத்தை கெடந்துச்சு."

அவர் நான் தொடாத தட்டைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தார். நிமிர்ந்தபோது குரல் ஆசிரியைக் குரலாக மாறியிருந்தது.

"அவன் பொய் சொன்னான், செத்தும் போயிட்டான். நீ எதுக்குடி பொய் சொன்னே?"

"பிள்ளைங்களுக்குப் பரீட்சைம்மா. உங்களுக்குத் தெரிஞ்சா…"

"தெரிஞ்சா? பரீட்சைக்கு முன்னாடி பொம்பளப் பிள்ளைங்கள வெளிய தள்ளிருவேனா? என்னை என்னன்னு நெனச்சே? காலமெல்லாம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ நான். முன்ன இருந்த பசங்க வீட்ட நாசம் பண்ணதால குடும்பத்துக்குத்தான் விடுவேன்னு சொன்னேன். படிக்கிற பொம்பளப் பிள்ளைங்க, எடம் இல்லன்னு வந்து கேட்டிருந்தா நானே குறைச்சு விட்டிருப்பேன். இத்தனை வருஷத்துல ஒருத்தி கேட்டீங்களா? ஒருத்தி? அவன்தான் திருட்டுப் பய. நீங்கல்லாம் படிச்சவங்கதானே?"

நாம் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா ஒரு பூதம், தெரிந்தால் விழுங்கிவிடுவாள் என்று பாலன் அண்ணன் சொன்னார், அத்தனை பேரும் நம்பினோம். நம் தலைக்கு மேலே இருந்த கூரை அந்த அம்மாவினுடையது. நன்றி சொன்னதெல்லாம் நடுவில் நின்றவருக்கு.

"உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதேனேடி" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. பிறகு இன்னும் திட்டினார். நீளமாக, நிதானமாக, ஒன்றைக்கூட விடாமல் திட்டினார். சாமிக்காக, முறுக்குக்காக, காய்ச்சலோடு கீழே கிடந்த மாலினிக்காக, பதினாறாம் நாள் வடித்த சோற்றுக்காக. நான் எழுந்து நின்று கேட்டேன். முடித்ததும் கதவைத் திறந்துவிட்டார். "அந்தப் பிள்ளைங்க இருக்கட்டும். அடுத்த மாசத்துலேருந்து என்கிட்டயே வாடகை குடுக்கட்டும், நான் பேசிக்கிறேன். நீ மட்டும் இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காதே."

நினைவு மலரில் ஒவ்வொருவரும் அண்ணனிடமிருந்து தங்களுக்கு மிஞ்சியது என்ன என்று எழுத வேண்டுமாம். அன்பு, துணிச்சல், எதையும் சமாளிக்கும் குணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிஞ்சியது பத்மாவதி அம்மாவின் திட்டு. பாலன் அண்ணன் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட வாங்காமல் நழுவிய திட்டு அது. அவருக்கு உறவென்று நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதால் எனக்கு வந்து சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் உங்களுக்குச் சேர வேண்டியது. பங்கு வேண்டுமென்றால் கேளுங்கள், முகவரி தருகிறேன். பட்டர்வொர்த் வரை ஃபெரி, அங்கிருந்து பஸ். அந்த அம்மா பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார்.